மாற்றி வைத்த விரிப்பு

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல், பார்த்ததைப் பார்த்தபடியே உனக்கு எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன், உனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். பிறகு என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீ இந்தத் தியான மையத்தை விட்டுப் போன பிறகு அம்மா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அறையிலிருந்து உன் கட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் அம்மா ஒரு செடித் தொட்டி வைத்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு.

நேற்று மாலைக் கூட்டத்தில் நிர்வாகி பேசினார். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே போனவர்கள் பயிற்சியையும் கையோடு கொண்டுபோய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்களாம். குருவான பெரியவர் ஒருமுறை அமர்ந்து கொடுத்த விரிப்பில்தான் பயிற்சி இருக்கிறதாம். விரிப்பை இழந்தவர்களிடம் மிஞ்சுவது வெறும் மூச்சுதானாம். “மூச்சு மாட்டுக்குக்கூடத்தான் இருக்கு” என்றார். மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். வாயைத் திறந்து, வலது கன்னம் முழுவதும் அசையும்படி சிரித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிர்வாகிமேல் கோபப்படவும் முடியாமல் போய்விட்டது.

அம்மாவின் முகத்தைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதி வைக்கிறேன். முன்பெல்லாம் மின்விசிறிக் காற்று பட்டாலே வலது கன்னத்துக்குள் மின்னல் வெட்டியது போலத் துடித்துப்போவாள். பல் துலக்க முடியாது, முகம் கழுவ முடியாது. மாத்திரை போட்டால் வலி குறையும், ஆனால் தலை சுற்றும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், கடைசியில் வேலையையே விட்டாள். இங்கே வந்து மூச்சைப் பார்த்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் மாத்திரையை நிறுத்தினாள். இப்போது மையத்தின் சமையல் கூடத்தையே நடத்துகிறாள். இடது பக்கமாக மட்டும் மெல்கிறாள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு கேள்வி. சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். விரிப்பு இல்லாமல் உனக்கு இன்னும் அது வருகிறதா?

பதிலைப் பள்ளி முகவரிக்கு எழுது. நூலக மேடம் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்தால் வாசலிலேயே பிரித்துப் படித்துவிடுவார்கள்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 13

என் சின்ன நீதிபதிக்கு,

வருகிறது. தினமும் வருகிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. ஒரு கால் ஆடும். காலை வேலை முடிந்ததும் அதில் உட்கார்ந்து, மூச்சு மூக்கு நுனியில் உரசிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் துடைப்பமும் பினாயில் வாளியும். அந்த மண்டபத்தில் என்ன அமைதி வந்ததோ அதேதான் இங்கேயும். நிர்வாகியின் மாட்டுக்குக் கற்றுக்கொடுத்தால் அதற்கும் வரும்.

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அது நல்லது, குளிப்பது போல நல்லது. குழாய் மாட்டிவிட்ட ஆள் தண்ணீரே தன்னுடையது என்கிறான், என் சண்டை அவனோடுதான். போன வகுப்பில் ஒரு மெக்கானிக் அழ ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தவித்தாரே, அவரை டாக்டரிடம் காட்டாமல் ஏன் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்டீர்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் என் விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார்கள். அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

விரிப்பின் கதையையும் கேட்டுக்கொள். பொருளறையில் கொஞ்ச காலம் ஒத்தாசைக்கு இருந்தேன் இல்லையா? கம்பளி ஆலையிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். சாவிக்கொத்து (பொருளறைக்காரருக்கு நீ வைத்த பெயர்தான் எனக்கும் வாயில் வருகிறது) ஆலைச் சீட்டைக் கத்தரித்துவிட்டு வெள்ளைப் பையில் போட்டு அடுக்குவார். அங்கிருந்து நேரே உங்கள் கைக்கு. பெரியவர் ஒவ்வொன்றிலும் உட்காருவதென்றால் வருஷம் முழுக்க உட்கார்ந்து எழுந்துகொண்டே இருக்க வேண்டும். முட்டிவலிக்காரர், பாவம்.

என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடலாம். வெளியே காலை வைத்தால் வலி திரும்பிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். வாயால் சொன்னால் நம்பமாட்டாள், அதனால் காட்டித்தான் ஆக வேண்டும். அதே ஆலையின் அதே கம்பளி இங்கே கடைவீதியில் கிடைக்கிறது. ஒன்று அனுப்புகிறேன். அவளுக்குத் தெரியாமல் மாற்றி வை. கொஞ்ச நாள் அதில் உட்காரட்டும். வலி வரவில்லை என்றால், வலியை நிறுத்துவது தன் மூச்சுதான், மையம் இல்லை என்று அவளுக்கே விளங்கிவிடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவள் நீ. இதோ, கையில் தருகிறேன்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாற்றி வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய விரிப்பு விறைப்பாகக் கடைவாசனையோடு இருந்தது. பள்ளியில் விளையாட்டு அறைக்குப் பின்னால் வெயிலில் காயப்போட்டேன். மதிய இடைவேளையில் அதன்மேல் உட்கார்ந்து படித்தேன். என் வகுப்புக்காரிகள், பரீட்சைக்கு முன்பே மூலநோய் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அம்மாவின் விரிப்பில் ஒரு மூலை இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகி, நீல நூலால் தைத்திருக்கும். அதே நீல நூலை அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து எடுத்து, தீக்குச்சியால் மூலையைச் சுட்டு, அதே போலத் தைத்தேன். பழைய விரிப்பு நூலகத்தில் அகராதிகள் இருக்கும் அலமாரியின் அடித்தட்டில், பையோடு இருக்கிறது.

முதல் நாள் அம்மா விரிப்பைத் தடவிப் பார்த்து, “வெயில்ல போட்டியா? மெத்துன்னு இருக்கே” என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை.

அக்கா, நீ சொன்னது சரி. வலி வரவில்லை. வராதது மட்டுமில்லை, முன்னைவிட நன்றாக இருக்கிறாள். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைக்கிறாள். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கிறாள். நானும் சோதித்துப் பார்த்தேன். கணிதத் தேர்வுக்கு முன்னால் வகுப்புப் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பயம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. எனக்குக் கீழே இருந்தது மையால் கிறுக்கிய பலகை.

பிடிக்காததையும் எழுத வேண்டும் அல்லவா? நேற்று நிர்வாகி கூட்டத்தில் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். பெற்ற மகளே விட்டுப் போனாலும் விரிப்பை விடாத அம்மாவைப் பாருங்கள், அந்த முகத்தைப் பாருங்கள், இதுதான் பெரியவர் விரிப்பின் சக்தி என்றார். அம்மா நின்றது நீ கடையில் வாங்கிய கம்பளியின்மேல். எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுதாள்.

அறிவியல் ஆசிரியையிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். மருந்துச் சோதனையில் இருப்பவருக்கு முதலில் விவரம் தெரியக் கூடாது, ஆனால் முடிந்ததும் சொல்லியாக வேண்டும் என்றார். எப்போது முடிந்தது என்று வைத்துக்கொள்வது?

தங்கை


ஜூலை 15

சின்ன நீதிபதியே,

முடிந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். உன் கடிதத்தை மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். ஊசிக் குப்பை எடுக்க வந்த துப்புரவுப் பெண், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

சொல்லிவிடு. அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல். அந்தக் கம்பளியின்மேலேயே அவளை எழுப்பி நிற்க வைத்தார்களே, அதையும் சேர்த்துச் சொல். எனக்கு அதுதான் சர்க்கரை. அறைக்குத் திரை வாங்கிவிட்டேன். அம்மாவுக்குப் பிடித்த பச்சை.

அக்கா


ஜூலை 22

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை சமையல் கூடத்துப் பின்படியில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பழக்கூடை வந்திருந்தது. அம்மா ஓர் ஆப்பிளை எடுத்து முந்தானையில் துடைத்தாள். நறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படியே வாயில் வைத்துக் கடித்தாள். வலது பக்கமாக. நறுக்கென்று சத்தம் கேட்டது. சாறு மோவாயில் வழிந்தது. அவள் அப்படிக் கடித்து நான் பார்த்ததே இல்லை. “பாத்தியாடி?” என்றாள், வாய் நிறைய.

எனக்குத் தாங்கவில்லை. அப்போதே சொல்லிவிட்டேன். நீ அனுப்பியது, நான் தைத்தது, அலமாரி, எல்லாம். இது உன்னுடைய மூச்சு அம்மா, யாரும் கொடுத்தது இல்லை, யாரும் எடுக்கவும் முடியாது என்றேன். அந்த வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அம்மா மெல்வதை நிறுத்தினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரும்ப மெல்லத் தொடங்கியதும் அவள் கண் அகன்றது. கை கன்னத்துக்குப் போனது. வாயிலிருந்த துண்டு படியில் விழுந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து, அந்தப் பழைய சத்தம், உனக்குத் தெரியுமே, நாம் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொள்வோமே, அந்தச் சத்தம் போட்டாள்.

மறுநாளே ஓடிப்போய்ப் பழைய விரிப்பைக் கொண்டுவந்து விரித்தேன். அதில் உட்கார்ந்து பார்த்தாள். வலி நிற்கவில்லை. புதியதில் உட்கார்ந்தாள், வெறும் தரையில் உட்கார்ந்தாள். எதிலும் நிற்கவில்லை. மூச்சைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டேன். மூச்சு பட்டாலே வலிக்கிறது என்று சைகை காட்டினாள்.

இன்று கொஞ்சம் பேசினாள். “வலியில்லாம இருந்தேன். அதுல உனக்கு என்னடி குறைச்சல்?” என்றாள். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

தங்கை


ஜூலை 30

உனக்கு,

கடிதம் வந்த அன்றே பேருந்து ஏறினேன். நீ பள்ளியில் இருந்தாய். வாசல் காவலாளி என்னைத் தெரியாதவர் போல நின்றார். அவருடைய சர்க்கரை அளவை மாதாமாதம் பார்த்துச் சொன்னவள் நான். அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன், மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். உள்ளே போய் அழைத்துவந்தார்.

கன்னத்தைத் துணியால் பொத்திக்கொண்டு வந்தாள். சாப்பிடாமல் வாடிப்போய். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மாத்திரை அட்டையை நீட்டினேன். வாங்கினாள். ஒவ்வொரு மாத்திரையாக அமுக்கி வெளியே எடுத்து, என் காலடியில் போட்டாள். கடைசி மாத்திரை வரைக்கும். நிதானமாக. பிறகு கையை அசைத்தாள், நாயை விரட்டுவது போல. நான் குனிந்து பொறுக்கினேன். எதற்குப் பொறுக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

வாயில் ஆப்பிள் இருக்கும்போது சொல்வாயா? பதினோராம் வகுப்புப் படிக்கிறாய், விழுங்கும்வரை பொறுக்கத் தெரியாதா? இதை எழுதக் கூடாது என்று பார்த்தேன், எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். மாவு மாத்திரை கொடுத்தாலும் சிலருக்கு வலி நிற்கும், அது மாவு என்று சொன்னதும் திரும்பிவிடும். எங்கள் வேலையில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். என் அம்மாவுக்கு மாவு வேண்டாம், அவளுக்குள்ளேயே மருந்து இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. நாம்தான் அதற்குச் சீட்டு ஒட்டப் போனோம்.

ஒரு கொடுமையைக் கேள். எனக்கு இன்னும் வருகிறது. வாசலிலிருந்து திரும்பி வந்து அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தேன். வராது, வரவும் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, மனசு தெளிந்துவிட்டது. அவள் அங்கே பட்டினி கிடக்கும்போதே.

நிர்வாகி ஏதாவது சொன்னால் நம்பாதே. அந்த ஆளிடம் எதையும் வாங்காதே. அவளை எப்படியாவது டாக்டரிடம் இழுத்துப் போ. நான் விடப் போவதில்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா இன்று காலை ரொட்டியை மென்று சாப்பிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீ பிறகு படிக்கலாம். இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ வந்து போன பிறகு அம்மா தண்ணீரைக்கூட உறிஞ்சுகுழலில்தான் குடித்தாள். பிறகு அதையும் தள்ளிவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்த கைதான், ஆனாலும் என்னால் பிரிக்க முடியவில்லை. சமையல் கூடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

நேற்று மதியம் நிர்வாகி எங்கள் அறைக்கு வந்தார். செடித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். “தப்பு உங்க மேல இல்லம்மா. வேண்டாத கை பட்டுடுச்சு” என்றபோது என் கையைப் பார்த்தார். அம்மாவுக்காகப் பெரியவரே புதிதாக ஒரு விரிப்பில் அமர்ந்து தரச் சம்மதித்திருக்கிறாராம். இரண்டே காரியங்கள் செய்ய வேண்டும். பெரிய மகள் தனக்கு மகள் இல்லை என்று அம்மா மண்டபத்தில் சொல்ல வேண்டும். சின்ன மகள் இனிமேல் அவளுக்கு எழுதக் கூடாது. ஆப்பிள் விஷயத்தையும் நூலக மேடம் பற்றியும்கூட எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்.

அம்மா படுத்தபடியே கையை ஆட்டினாள். நம்பவில்லை என்று அர்த்தம். நான் செய்ததற்குப் பிறகு அவளால் யாரையும் நம்ப முடியவில்லை. நிர்வாகி நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினார். பிறகு, “பாப்பா உண்மை பேசுற புள்ளன்னு ஊருக்கே தெரியும். ஆப்பிளை முழுங்குறதுக்குள்ள உண்மையச் சொன்னவ. பெரியவர் உக்கார்றத அவளே வந்து பாக்கட்டும். அவ சொன்னா நம்புவீங்கல்ல?” என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். சரி என்று தலையசைத்தாள்.

என்னைப் பெரியவர் அறைக்கு அழைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். பொருளறைக்கு அழைத்துப் போனார்கள். சாவிக்கொத்து ஒரு புதுக் கட்டைப் பிரித்து, மேலாக இருந்ததை உருவி, சீட்டைக் கத்தரித்தார். ஒட்டியிருந்த பஞ்சுப் பிசிறை ஊதிவிட்டார். பெரியவருக்கு இன்று முட்டி சரியில்லை, கீழே உட்கார முடியாது என்று நிர்வாகி சொன்னார். பிறகு விரிப்பை மடித்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். “உங்கம்மா உன்னைத்தான் கேப்பாங்க. பாத்தத உள்ளபடி சொல்லிடு. நான் தடுக்க மாட்டேன்” என்றார். அவர் சிரிக்கக்கூட இல்லை. சாவிக்கொத்து கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பொருளறையிலிருந்து மண்டபத்துக்கு ஒரு சின்ன முற்றம்தான். நடக்கும்போது உன் பச்சைத் திரையை நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு மையம் விட்டுப்போகும். வலி விடாது. அந்த அறையில் உன் திரைக்குப் பின்னால் அவள் அந்தச் சத்தம் போட்டுக்கொண்டு கிடப்பாள். நாம் ஜெயித்திருப்போம்.

மாலைக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்து நின்றாள். பேசினால் வலிக்கும் என்பதால் குறைவாகச் சொன்னாள். “எனக்கு ஒரே பொண்ணு. இவ மட்டும்தான்.” நீ இதைப் படிக்கும்போது, அவள் தயங்கியிருப்பாள், அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இல்லை. கையிலிருந்த சுமையை இறக்கி வைப்பது போலச் சொன்னாள்.

நான் விரிப்பை விரித்தேன். அம்மா உட்காரவில்லை. கன்னத்துத் துணியைப் பிடித்தபடி குனிந்து என் காதருகே வந்தாள்.

“அவர் உக்காந்தாரா?”

“உக்காந்தார்மா.”

“உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

பார்த்துச் சொன்னேன். குரல்கூட மாறவில்லை. அவர் முட்டி வலியோடு மெதுவாக உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன் என்று, அவள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். நிர்வாகி மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா விரிப்பில் உட்கார்ந்தாள். மூச்சை இழுக்கவே பயந்தாள். முதலில் மேலோட்டமாக, பிறகு கொஞ்சம் ஆழமாக. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் காற்று பட்டு முடி பறந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்துத் துணி மெல்லக் கீழே இறங்கியது, கழுத்துக்கு, மார்புக்கு, மடிக்கு. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் போனது. நீ சொன்னது எல்லாமே சரி அக்கா, அது அவளுடைய மூச்சுதான், வேறெதுவும் அங்கே இல்லை. அவள் இடது கையால் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். வலி நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிவிக்க அழுத்தினாள். நானும் அழுத்தினேன். பிறகு கண்ணை மூடி உட்கார்ந்து, என் மூச்சை மூக்கு நுனியில் தேடிப் பார்த்தேன். சிக்கவே இல்லை. கண்ணைத் திறந்தபோது மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள்.